எழுபத்தாறு சென்டிமீட்டர்

அண்ணன் அனுசித் வீட்டை விட்டுப் போனது பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. அம்மா அவன் நெஞ்சை அளந்து முடித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. டேப் எழுபத்து நான்கு காட்டியது. அம்மா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இனி ஏப்ரல் முடிகிறவரை இந்த வீட்டில் இறைச்சி, முட்டை, ராத்திரிச் சாப்பாடு மூன்றும் கிடையாது என்று அறிவித்தாள். அண்ணன் உள்ளே போய்த் துணிப்பையில் இரண்டு சட்டைகளைத் திணித்தான். அடுப்புப் பக்கத்தில் மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு இருந்தது. மத்தியானத்துக்கு எங்கள் மூவருக்கும் வைத்திருந்த சோறு. அந்தக் கூடையையும் எடுத்துக்கொண்டான்.

"கூடைய வச்சுட்டுப் போடா," என்றாள் அம்மா.

"பசிக்குதும்மா," என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கினான்.

அம்மாவின் பயம் என்னவென்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் நாட்டில் இருபத்தொரு வயதாகும் ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஏப்ரலில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் நாளில் போய் நிற்க வேண்டும். பானைக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். கறுப்பு வந்தால் வீடு, சிவப்பு வந்தால் இரண்டு வருடம் பட்டாளம். ஆனால் பானைக்கு முன்னால் ஒரு டேப் இருக்கிறது. மூச்சை வெளியே விட்ட நிலையில் நெஞ்சுச் சுற்றளவு எழுபத்தாறு சென்டிமீட்டர் இல்லாதவன் பானைப் பக்கமே போக வேண்டியதில்லை. ஓரமாக உட்காரவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் அப்பா அந்த டேப்பைத் தாண்டினவர். சிவப்புச் சீட்டு எடுத்துத் தெற்கே போனார். அப்போது அண்ணனுக்கு ஒன்றரை வயது, நான் அம்மா வயிற்றில். இரண்டு வருடம் முடிந்தும் அவர் திரும்பவில்லை. அங்கேயே ஒரு ரப்பர் தோட்டம், ஒரு பெண், மூன்று பிள்ளைகள் என்று ஆகிவிட்டது. பட்டாளம் அவரைப் பிடித்துவைக்கவில்லை, அவருக்குத்தான் திரும்ப மனமில்லை. ஆனால் அம்மா கணக்கில் அவரைக் கொண்டுபோனது சிவப்புச் சீட்டுதான்.

அதனால் அண்ணன் ஒல்லியாக வளர்ந்தபோது அம்மா அதைக் கடவுள் கொடுத்த வரமாக எடுத்துக்கொண்டாள். பத்தொன்பது வயதில் அவன் உயரம் நூற்று அறுபத்தாறு, எடை நாற்பத்து நான்கு கிலோ. எவ்வளவு தின்றாலும் ஒட்டாது. சின்ன வயதிலேயே அவனுக்குக் காங் என்று பெயர் வந்துவிட்டது. எங்கள் பேச்சில் மீன்முள். பள்ளிக்கூட வாத்தியார்கூட வருகைப் பதிவில் அனுசித் என்று வாசித்துவிட்டு, "முள்ளு வந்துதா?" என்று கேட்பார். படகுப் போட்டிக்கு ஆள் சேர்க்கும்போது அவனைத் துடுப்புப் பக்கம் விடமாட்டார்கள், கரையில் நின்று துண்டுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். ஒரு தடவை தாலுகா அலுவலகத்தில் ரத்ததானம் நடந்தது. நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இருக்கிறாய் என்று நர்ஸ் அவனைத் திருப்பி அனுப்பினாள். போகும்போது, குடித்துவிட்டுப் போ தம்பி என்று ஒரு பால் பாக்கெட்டும் கொடுத்தாள். அதை அவன் குடிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, குடி தங்கச்சி என்று எனக்குத் தந்தான்.

கேலி அவனுக்குப் பழகிப்போயிருந்தது. பழகாமல் போனது பொறாமைதான். சந்தையில் அம்மாவின் தையல் கடைக்கு வரும் பெண்கள் அண்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லம்துவான், நீ கொடுத்து வச்சவ. உன் பையனப் பட்டாளம் சீந்தாது," என்பார்கள். அம்மா சிரித்துக்கொண்டே தையல் மெஷினை மிதிப்பாள். அவன் அங்கேயே உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருப்பான். காது சிவந்துவிடும்.

ஒரு நாள் என்னிடம் சொன்னான்: "சிவப்போ கறுப்போ, என் கையால நான் எடுக்கணும். ஓரமா உக்காருன்னு எவனும் சொல்லக் கூடாது."

அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஊர்க்கோடி அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வினாய் என்பவன் கொட்டகைக்குப் பின்னால் ஓர் உடற்பயிற்சி இடம் வைத்திருந்தான். உடைந்துபோன உழவு வண்டியின் இரும்பு அச்சு, பெயின்ட் டப்பாக்களில் சிமென்ட் ஊற்றிச் செய்த எடைகள், பழைய பள்ளிக்கூட பெஞ்சு ஒன்று. வினாய்க்கு அப்போது இருபத்து நான்கு வயது, கழுத்தே தெரியாத உடம்பு. அண்ணனை முதல் நாள் பார்த்ததும், தூக்க வந்தியா தொங்க வந்தியா என்று கேட்டானாம். அண்ணன் அச்சை மட்டும், எடை மாட்டாமல், எட்டுத் தடவை தூக்கினான். ஒன்பதாவது தடவை அது நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. வினாய் வந்து எடுக்கிறவரை அப்படியே கிடந்தான். மறுநாளும் போனான்.

முதல் ஆறு மாதத்தில் எடை ஏறவில்லை, இரண்டு கிலோ குறைந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் சீக்கிரம் திரும்பிவிட வேண்டுமென்று ஆலைக்கு ஓடியே போவான், ஓடியே வருவான். போக நான்கு கிலோமீட்டர், வர நான்கு. ஆலையில் இரண்டு மணி நேரம் கண்டதையெல்லாம் தூக்குவான். தராசைப் பார்த்துவிட்டு வினாய்தான் காரணத்தைக் கண்டுபிடித்தான். தின்பதெல்லாம் வழியிலேயே தீர்ந்துபோகிறது என்றான். அன்றிலிருந்து ஓட்டம் நின்றது. ஆலைக்காரனின் சைக்கிளை இரவல் வாங்கிப் போனான். வாரத்தில் மூன்று நாள் மட்டும், குறைவான தடவை, கனமான எடை. மற்ற நாட்களில் மத்தியானம் படுத்துத் தூங்கினான். சும்மா படுத்துக் கிடப்பதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

பிறகு சாப்பாடு. பசித்தால் சாப்பிடுவது வேறு, பசிக்காமல் சாப்பிடுவது வேறு. அவன் மணி பார்த்துச் சாப்பிட்டான். காலை ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஏழு. ஒட்டரிசியை உருட்டி, வறுத்த வேர்க்கடலைப் பொடியில் புரட்டி, பாதி கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவான். சுட்ட மீன், நத்தைக் கறி, வறுத்த வெட்டுக்கிளி, தேங்காய்ப் பாலில் வெந்த வாழைப்பழம். கடைசிக் கவளம் எப்போதும் தொண்டையில் நிற்கும். அதையும் தண்ணீர் விட்டுத் தள்ளிவிடுவான். அழுதுகொண்டே சாப்பிட்டதையும் பார்த்திருக்கிறேன். துக்கம் ஒன்றுமில்லை, வயிறு நிரம்பி வழிந்தது.

மெதுவாக ஏறினான். நாற்பத்தாறு. நாற்பத்தொன்பது. ஐம்பத்திரண்டு. சட்டைத் தோள் பிடிப்பதை அம்மாவின் கண் பார்த்துவிட்டது. ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிச் சீருடை தைக்கிறவளிடம் அதை மறைக்க முடியுமா? மாதம் ஒருமுறை டேப்பை எடுக்க ஆரம்பித்தாள். எழுபத்தொன்று. எழுபத்து மூன்று. அந்த பிப்ரவரிக் காலையில் எழுபத்து நான்கு. அவளுக்கு இன்னும் இரண்டு மிச்சம். அவனுக்கு இன்னும் இரண்டு பாக்கி.

வீட்டை விட்டுப் போனவன் ஆலைக் கொட்டகையில் படுத்தான். பகலில் மூட்டை தைக்கும் வேலை. கூலி சோற்றுக்கே சரியாக இருந்தது. முட்டைக்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான்.

எங்கள் ஊர்த் தோப்பில் ஒரு தாத்தா இருக்கிறார். ஊரைக் காக்கிற சாமி, நாங்கள் தாத்தா என்போம். அவருக்கு மரத்தடியில் சின்ன வீடு கட்டி வைத்திருக்கிறோம். லாட்டரி விழுந்தால் நூறு முட்டை, தொலைந்த மாடு கிடைத்தால் ஐம்பது முட்டை என்று வேண்டிக்கொள்வார்கள். நடந்துவிட்டால் முட்டைகளை அவித்துக்கொண்டுவந்து அடுக்குவார்கள். ஊதுவத்தி எரிந்து முடிந்ததும் தாத்தா சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். மிச்சத்தை யாரும் எடுக்கலாம். கொண்டுவந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு எடுத்துப்போவார்கள், மீதி நாய்க்கும் எறும்புக்கும். லாட்டரி மாதம் இரண்டு தடவை, ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும். அண்ணன் போய்த் தோப்பைப் பெருக்கித் தருகிறேன், முட்டையை எனக்கு விடுங்கள் என்று கேட்டான். வேண்டாமென்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் தேதியும் பதினெட்டாம் தேதியும் கொட்டகையில் முட்டை ஓடுகள் குவியும். மற்ற நாட்களுக்கு மிச்ச முட்டைகளை உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தான்.

மார்ச் மாதம் ஒரு காலையில் நானும் அம்மாவும் தோப்புக்குப் போனோம். அவன் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தான். அம்மா அவனைப் பார்க்காதவள் போல மண்டியிட்டு ஊதுவத்தி ஏற்றினாள். மனசுக்குள் வேண்டுவதுதான் வழக்கம். அன்றைக்கு அம்மா வாய்விட்டுச் சொன்னாள்.

"தாத்தா, இந்தப் பையன் நெஞ்சு எழுபத்தாறைத் தொடாம இருந்தா உனக்கு ஐந்நூறு முட்டை."

அண்ணன் பெருக்குவதை நிறுத்தவில்லை. "சத்தமா சொல்லும்மா. தாத்தாவுக்குக் காது மந்தம்."

"நான் உங்கிட்டப் பேசல."

"நீ ஜெயிச்சாலும் அந்த ஐந்நூறையும் நான்தான் திங்கணும். அதையும் அவர்கிட்ட சொல்லிடு."

நான் சிரித்துவிட்டேன். அம்மா என்னைத்தான் முறைத்தாள். திரும்பி நடக்கும்போது சந்தை முனையில், பையன் முகம் உருண்டுவிட்டது இல்லையா என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கும் முறைத்தாள்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி பள்ளிக்கூட மைதானத்தில் ஆள் எடுத்தார்கள். இருநூற்றுப் பதினோரு பேர், அறுபத்து நான்கு சிவப்புச் சீட்டு. கயிற்றுக்கு வெளியே ஊரே உட்கார்ந்திருந்தது. பப்பாளிச் சாலட் விற்கிறவள், ஐஸ் விற்கிறவன், பேரனுக்காக மந்திரக் கயிறு கொண்டுவந்த கிழவர், சம்பந்தமே இல்லாமல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். பையன்கள் மேல்சட்டை இல்லாமல் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டேப் மேசையை நெருங்கும்போது பாதிப் பேர் கூன்போட்டு நடந்தார்கள். திடீரென்று ஊரில் இத்தனை காசநோயாளிகளா என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணன் முறை வந்தபோது அந்தச் சிரிப்பு வேறு விதமாக ஆனது. காங், உனக்கெதுக்குடா டேப்பு, ஸ்கேல் போதும் என்றார்கள். மூச்சை விட்டுடாதே, பறந்துடுவே என்றார்கள். அவன் முதுகை நிமிர்த்தி மேசைக்கு முன்னால் நின்றான். மீசை நரைத்த சார்ஜென்ட் ஒருவர் டேப்பைச் சுற்றினார்.

"மூச்ச வெளிய விடு."

விட்டான்.

"இன்னும் விடு. உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது."

கழுத்து நரம்பு தெரிகிறவரை விட்டான். நெஞ்சைக் காற்றால் நிரப்பி ஏமாற்றினான் என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாதென்று அப்படிச் செய்ததாக என்னிடம் பின்னால் சொன்னான்.

"எழுபத்தேழு," என்றார் சார்ஜென்ட்.

யாரும் கை தட்டவில்லை. அதற்குள் அம்மா கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டாள்.

"ஐயா, உங்க டேப்பு சரியில்ல. நான் இருபது வருஷமா இந்த ஊருக்கே அளவெடுக்கறேன். இவன் உடம்பு எனக்குத் தெரியும்." கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அவளே அவன் நெஞ்சைச் சுற்றினாள். இழுத்துப் பிடிக்கவில்லை, தளர்த்தவும் இல்லை. ஒழுங்காகத்தான் அளந்தாள். பிறகு சார்ஜென்ட்டிடம் நீட்டிக் காட்டினாள். "பாருங்க. எழுபத்தஞ்சரை."

சார்ஜென்ட் குனிந்து பார்த்தார். எழுபத்தைந்தரைதான். தன் டேப்பால் மறுபடி அளந்தார். எழுபத்தேழு. வரிசையில் பின்னால் நின்ற பையன்கள் எல்லாரும் எனக்கும் அம்மா டேப்பு, எனக்கும் அம்மா டேப்பு என்று கூச்சலிட ஆரம்பித்தார்கள்.

அண்ணன் சார்ஜென்ட் பக்கம் திரும்பினான். "ஐயா, ரெண்டாம் கிளாஸ்ல மர ஸ்கேல் இருக்கு. ஒரு மீட்டர். அத எடுத்துட்டு வரச் சொல்லுங்க," என்றான்.

"டேய், சும்மா இரு," என்றாள் அம்மா.

"உன் டேப்பு சரின்னா நான் இப்பவே வீட்டுக்கு வந்துடறேம்மா. தப்புன்னா விடு."

ஸ்கேல் வந்தது. மேசை மேல் வைத்து முதலில் பட்டாளத்து டேப்பை விரித்தார்கள். நூறு நூறில் நின்றது. பிறகு அம்மாவின் டேப். ஸ்கேல் முடிந்த இடத்தில் அதில் தொண்ணூற்றெட்டுதான் இருந்தது. இருபது வருடம் கழுத்தில் தொங்கி, வியர்வையில் ஊறி, இழுபட்டு இழுபட்டு நீண்டுபோயிருந்தது. உடம்பையும் துணியையும் அதே டேப்பால் அளந்துவந்ததால் ஊரில் ஒரு சட்டைகூட அளவு தப்பவில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும்.

அம்மா ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கோடு கோடாகப் பார்த்தாள். கூட்டத்தில் அவள் பக்கம் பேச ஆட்கள் இருந்தார்கள். மர ஸ்கேல் வெயிலில் சுருங்கியிருக்கும் என்று ஒருத்தி, ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு பிள்ளையைப் பிடித்துப்போவீர்களா என்று இன்னொருத்தி. அம்மா அழுதிருந்தால், தரையில் உட்கார்ந்திருந்தால், அன்றைக்குப் பெரிய ரகளை ஆகியிருக்கும். எங்கள் ஊரில் அதற்கு வழக்கம் உண்டு.

"என் டேப்புதான் தப்பு," என்றாள். "எழுபத்தேழுன்னு எழுதிக்கோங்க."

சொல்லிவிட்டுக் கயிற்றுக்கு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கை என் முழங்கால் மேல் இருந்தது. நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு அண்ணன் பானைக்குள் கைவிட்டான். அதற்குள் முப்பத்தொன்பது சிவப்பு போயிருந்தது. கையை வெளியே எடுத்து, உயர்த்திப் பிடித்து, சீட்டைத் திறக்கக் கொடுத்தான். சிவப்பு. அதிகாரி சத்தமாக அவன் பெயரைச் சொன்னார், முழுப் பெயரை. காங் என்று யாரும் கத்தவில்லை. வினாய் கயிற்றுக்கு மேலே எகிறிக் குதித்துக்கொண்டிருந்தான், மகிழ்ச்சியிலா துக்கத்திலா என்று அவனுக்கே தெரியவில்லை. அண்ணன் எங்களைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் நிமிர்ந்துதான் நின்றான்.

அன்று மாலை வீடு திரும்பியவனுக்கும் அம்மாவுக்கும் ஒரே ஒரு சண்டை நடந்தது, முதலும் கடைசியுமாக.

"உங்கப்பன் போன மாதிரியே போற."

"அப்பா போனதுக்கு நான் ஒல்லியா இருக்கணுமா?"

மறுநாள் அம்மா புது டேப் ஒன்று வாங்கிவந்தாள். பழையதைக் கத்தரித்துக் குப்பையில் போட்டாள். மே மாதம் முதல் தேதி பட்டாளத்து வண்டி வந்தபோது அவள் கடையை விட்டு வெளியே வரவில்லை. மெஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் கடை வாசலிலிருந்து அந்தச் சத்தத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவன் இரண்டு வருடம் முடித்து ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் திரும்பி வந்தான். அறுபத்தொரு கிலோ. நான் அதற்குள் ஊரைவிட்டுக் கிளம்பியிருந்தேன். தைவான் தொழிற்சாலை, கொரியத் திராட்சைத் தோட்டம், பிறகு கப்பல் என்று அலைந்துகொண்டிருந்தேன். தொலைபேசியில்தான் எல்லாம் தெரியும். இப்போது அண்ணன் ஆலையில் லாரி ஓட்டுகிறான். கொட்டகையில் வினாயோடு சேர்ந்து ஊர் ஒல்லிகளுக்கு எடை தூக்கச் சொல்லித்தருகிறான், வருகிறவர்களை முதலில் தூங்கச் சொல்கிறான். அவன் உடம்பு இன்றைக்கும் பழைய உடம்புதான். நாலு நாள் கவனிக்காமல் விட்டால் கன்னம் ஒட்டிவிடும். அதனால் இன்றும் மணி பார்த்துத்தான் சாப்பிடுகிறான். ஊரில் யாராவது, கல்யாணம் ஆயிற்றே, இன்னும் எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால், வாயில் சோறு இருக்கிறது, பிறகு சொல்கிறேன் என்பான்.

அம்மா அவன் உடம்பைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. மழை, துணி விலை, பக்கத்து வீட்டு நாய், இதெல்லாம் பேசுவாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், எழுதுவது அதைவிட மெதுவாக. அதனால் அவளிடமிருந்து செய்தி வந்தால் அது பேச முடியாத விஷயமாக இருக்கும். அந்த ஏப்ரலுக்கு ஏழு வருடம் கழித்து, என் கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றபோது, கைபேசியில் இது வந்தது:

"சின்னவளே, உங்கண்ணனுக்கு டெங்கு. ஒம்பது நாள் ஆஸ்பத்திரி. இப்ப சரியாயிட்டான். ஏழு கிலோ போயிடுச்சு. இந்த உயரத்துக்கு இந்த எடை போதும்னு டாக்டர் சொல்றார். போதுமா இல்லையான்னு சொல்ல அவர் யாரு. நான் எந்திரிச்சு வந்துட்டேன். நீ இத்தன நாடு பாத்திருக்கியே, அங்கெல்லாம் ஒல்லிப் பசங்களுக்கு என்ன கொடுக்கறாங்கன்னு கேட்டு எழுது. எழுதறது முழுசா எழுது, எவ்வளவு, எத்தன வேளைன்னு. சீக்கிரம்."